செஃபா சொல்லாத ஒரு வரி

அக்ரா
9 மார்ச் 1976

தங்கச்சி யாய்ராவுக்கு,

வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறீர்களா? மாப்பிள்ளை டோட்ஸேயின் முதுகுவலி குறைந்ததா? கடல் சும்மா இருக்கிறதா, இல்லை வழக்கம்போல் யார் வீட்டுச் சுவரையாவது தின்றுகொண்டிருக்கிறதா? இங்கே நானும் உன் அண்ணி எனாமும் சுகம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்னை இன்னும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் லாவிகோபேயைப் பற்றி, கரைவலைக்காரர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா? பாதி முடித்து, வானொலியில் வேலை செய்யும் ஃபோலியிடம் படிக்கக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான்: "செலோர்ம், உன் நாவல்ல எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரியே பேசுறாங்கய்யா. ஒருத்தருக்காவது காலு அரிக்காதா, தும்மல் வராதா?"

கோபத்தில் அவனோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு, அவன் மூக்கை உடைக்க வேண்டும் என்றே, தும்மல் போடுகிற ஒரு சின்னப் பெண்ணை ஒரே ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். வந்தவள் போகமாட்டேன் என்கிறாள். பெரியவர்கள் பேசுகிற இடத்திலெல்லாம் தலையை நீட்டுகிறாள்.

அவள் யார் என்று உனக்குத் தெரியும். புத்தாண்டுக்கு வந்திருந்தபோது உன் மகள் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "மாமா, பேனாவுக்குள்ள இருக்கிற மை மொத்தமா கொட்டாம எப்படி நிக்குது?" என்றாள். "அது அப்படித்தான்" என்றேன். "அப்படித்தான்னா உங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தமா?" என்றாள். மறுநாள் காலை என் வெள்ளைச் சட்டை நீலமாக இருந்தது. பேனா மூன்று துண்டாக இருந்தது. அவள் மட்டும் முழுசாக, சந்தோஷமாக இருந்தாள்.

அதனால் ஒரு உதவி செய். செஃபா என்னென்ன செய்கிறாள், என்ன கேட்கிறாள், எங்கே அடி வாங்குகிறாள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. நீ சொன்னால் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்தே நம் வீட்டில் கதை சொல்கிறவள் நீதான். நான் பேனா பிடிக்கத் தெரிந்தவன், அவ்வளவே.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளையைக் கிள்ளாதே.

உன் அண்ணன்
செலோர்ம்

*

லாவிகோபே
2 ஏப்ரல் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நன்றாகத் தூங்கி எழுகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். செஃபா அப்பாவின் முதுகு வலை இழுக்காத நாளில் வலிக்கிறது, இழுக்கிற நாளில் வலிப்பதில்லை. வெங்காயப் பாத்திக்கு நெத்திலி எரு போட்டிருக்கிறோம். ஊரே மணக்கிறது.

நீ கேட்ட நேரம் நல்ல நேரம். போன வாரம் உன் மருமகள் எங்கள் மானத்தைக் கடலில் விட்டாள்.

வலைத் தலைவர் அகோர்லியை அவள் பத்து நாளாகத் துளைத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, நாம இங்க கயித்த இழுக்கும்போது அங்க வலையோட மடிப்பைக்குள்ள மீனு என்ன பண்ணிட்டிருக்கும்?" அவர் "வர்ற வழியில அழுதுட்டு வரும்" என்றார். அவள் நம்பவில்லை. என்னைக் கேட்டாள், அப்பாவைக் கேட்டாள், பாதிரியாரைக்கூடக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை வலை இறக்கினார்கள். இரண்டு கயிற்றிலும் ஆள் நின்று பாட்டோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று பாட்டு நின்றுவிட்டது. பார்த்தால், வலையின் மிதவைகளுக்கு நடுவில் இன்னொரு மிதவை. கறுப்பாக, ஈரமாக, மூச்சு விடுகிற மிதவை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே வலையின் மடி வரைக்கும் நீந்திப் போயிருக்கிறாள். முங்குகிறாள், எழுகிறாள், மறுபடி முங்குகிறாள். செஃபா அப்பா கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தார். ஒரு பக்கம் தளர்ந்ததும் மீனில் பாதி போயிற்று.

காதைப் பிடித்துத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே சுற்றி நின்றது. அகோர்லி கையை ஓங்கிக்கொண்டு, "அப்படி என்னடி பாத்த அங்க?" என்றார்.

"தாத்தா, ஒரு மீனும் வலையில முட்டவே இல்ல! எல்லாம் வலைக்கு முன்னாடி கும்பலா நீந்துது. எங்கயோ ஊர்வலம் போற மாதிரி. தாங்க மாட்டிக்கிட்டோம்னு அதுங்களுக்குத் தெரியவே தெரியாது."

ஓங்கின கை அப்படியே நின்றது. "ஊர்வலமா?" என்றார். "ஆமா, பெருசு முன்னால, சிறுசு பின்னால." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் நாத்தனார் கோசிவாவுக்கு வரவில்லை. வலையில் அவளுக்கும் பங்கு உண்டு. "இது பொண்ணா, நீர்நாயா? டோட்ஸே, ஒம்பொண்டாட்டி யாரப் பாத்துப் பெத்தா இத?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று சிரித்தேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

அண்ணிக்கு என் அன்பு. கருவாடு அனுப்புகிறேன். மேலே இருப்பது உனக்கு, அடியில் நல்லதாக இருப்பது அவளுக்கு.

யாய்ரா

*

அக்ரா
11 மே 1976

யாய்ரா,

உன் கடிதம் கிடைத்தபோது உடம்பு கொஞ்சம் சரியில்லாமல் படுத்திருந்தேன். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது சுகம். அங்கே எல்லோரும் எப்படி? கருவாட்டில் அடி வரைக்கும் நானே தின்றேன், எனாமிடம் சொல்லாதே.

கேள், பெரிய செய்தி. கடல் அத்தியாயத்தை எழுதி ஃபோலியிடம் கொடுத்தேன். ஜூன் மாதத்திலிருந்து வியாழன்தோறும் மாலை என் கதை வானொலியில், நம் எவே மொழியில் வரப்போகிறது! ஒரு நடிகர் வாசிப்பார்.

செஃபாவை அப்படியே தூக்கி வைத்துவிட்டேன் என்று பயப்படாதே. பெயர் அப்லா. முழங்காலில் ஆறாத ஒரு காயம் கொடுத்தேன். விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. மீன் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு பிள்ளை கடலில் குதித்தது என்றால், கேட்கிறவர்கள் 'அதுக்காகவா?' என்பார்கள். கதையில் காரணம் பலமாக இருக்க வேண்டும். அதனால் பையன்கள் அவளைச் சீண்டுகிறார்கள்: "பொம்பளப் புள்ளைக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?" அவள் ரோஷத்தில் பாய்கிறாள். கரையேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, எல்லோர் முகத்துக்கும் நேராக ஒன்று சொல்கிறாள்: "நான் ஆம்பளையாப் பொறந்திருக்கணும்!"

இந்த வரியைப் படித்து ஃபோலி மேசையில் அடித்தான். "இதுதான்யா அந்தப் புள்ள! இந்த ஒரு வரியில மொத்தப் புள்ளையும் வந்து நிக்குது" என்றான்.

வானொலிப் பெட்டிக்கு பேட்டரி வாங்கி வை. செஃபாவை முன்வரிசையில் உட்கார வை. எல்லோருக்கும் என் விசாரிப்பு.

செலோர்ம்

*

லாவிகோபே
27 ஜூன் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. இருமல் இல்லாத வீடு இல்லை, எங்கள் வீட்டைத் தவிர. அண்ணிக்கும் உனக்கும் உடம்பு எப்படி?

உன் கதை வருகிற நாளில் ஊரில் அடுப்பு முன்கூட்டியே அணைகிறது. பெட்டி அகோர்லி வீட்டு முற்றத்தில்தான். முதல் வாரம் இருபது பேர். மூன்றாம் வாரம் நிற்க இடமில்லை. "நம்ம செலோர்மு! பள்ளிக்கூடத்துல மூக்கு ஒழுகிட்டு நிப்பானே, அவனா?" என்று ஒரு கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனால் அண்ணா, அப்லா என்று பெயர் வைத்தால் தெரியாது என்று நினைத்தாயா? செவ்வாய்க்கிழமை பிறந்தவளுக்குத்தான் அப்லா என்று பெயர். உன் மருமகள் பிறந்ததும் செவ்வாய்தான். நம் ஊரில் வேறு எந்தச் செவ்வாய்க்கிழமைக்காரி வலைக்குப் பின்னால் நீந்தினாள்? கதையில் வலைமடி வந்ததுமே எல்லாத் தலையும் இவள் பக்கம் திரும்பிவிட்டது. அது வரைக்கும் செஃபாவுக்குக் கண் ரெண்டும் விளக்கு மாதிரி இருந்தது. மீன் ஊர்வலம் வரும் வரும் என்று பார்த்தாள் போலிருக்கிறது. அது வரவில்லை. அந்த வரி வந்தது. முற்றமே அதிரும்படி சிரித்தார்கள். செஃபா திரும்பி என்னைப் பார்த்தாள்.

பையன்கள் இப்போது அவளை 'அப்லா அண்ணே' என்று கூப்பிடுகிறார்கள். விளையாட்டுதான்.

செஃபா அப்பா உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

யாய்ரா

*

அக்ரா
15 ஜூலை 1976

யாய்ரா,

சுகம்தானே? இருமல் உங்கள் வீட்டுக்கும் வந்தால் இஞ்சி போடு. எனக்கு இங்கே நடந்தால் தரையில் கால் படவில்லை. பேருந்தில் ஒருவர் என் பெயரைக் கேட்டுவிட்டு, "அப்லாவோட அப்பா நீங்கதானா?" என்றார். அப்பா! பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்து எனாமிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு அடுக்களைக்குப் போய் வெகு நேரம் வரவில்லை.

கதையை டிசம்பர் வரை நீட்டச் சொல்கிறார்கள். என்னிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. அப்லா அண்ணே என்ன செய்கிறாள்? யாரை அடித்தாள்? சீக்கிரம் எழுது, நீளமாக எழுது.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
செலோர்ம்

*

லாவிகோபே
22 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வெங்காயம் இந்தத் தடவை நன்றாக விளைந்திருக்கிறது. பாத்தி பாத்தியாகப் பிடுங்கிக் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். வீட்டுக்குள் நுழைந்தால் கண் எரிகிறது. கடல் பழைய தபாலாபீஸின் பின்சுவரை எடுத்துக்கொண்டது. தபால்காரர் இப்போது முன்வாசலில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறார். அகோர்லி புது வலை பின்னுகிறார்.

செஃபா நன்றாக இருக்கிறாள். தையல் பழகுகிறாள். சொல்ல அப்படி ஒன்றும் இல்லை.

எல்லோரும் விசாரிக்கிறார்கள்.

யாய்ரா

*

அக்ரா
14 செப்டம்பர் 1976

யாய்ரா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? வெங்காயத்துக்கு அரைப் பக்கம், தபாலாபீஸுக்குக் கால் பக்கம், என் மருமகளுக்கு ஒரு வரி. தையலா? செஃபாவா? ஊசியை எடுத்தால் அதைக் காந்தமாக்கிப் பார்க்கிற பிள்ளை அல்லவா அது?

நீ எழுதாததால் நானே கற்பனை செய்ய வேண்டியிருந்தது. போன வாரம் அப்லா தலையை மொட்டை அடித்துக்கொண்டு, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறிவிட்டாள். கடிதங்கள் வந்து குவிகின்றன.

இத்துடன் ஒரு சின்னச் சீட்டு வைத்திருக்கிறேன், செஃபாவுக்கு. அதை அவள் கையில் கொடு. அம்மா கையில் எழுத்து வறண்டு போனால் மகளாவது எழுதட்டும். டோட்ஸேயைக் கேட்டதாகச் சொல்.

செலோர்ம்

*

லோமே
10 அக்டோபர் 1976

மாமாவுக்கு செஃபாகோர் எழுதுவது.

நீங்களும் எனாம் மாமியும் நன்றாகத் தூங்கி எழுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். சளி பிடித்திருந்தது, போய்விட்டது.

உங்கள் சீட்டை அம்மா லாரிக்காரரிடம் கொடுத்து இங்கே அனுப்பினார்கள். நான் ஜூலைக் கடைசியிலிருந்து லோமேயில் இருக்கிறேன். அம்மா சொல்லவில்லையா? அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா ஆயெலே அத்தை வீடு. அவர்கள் தையல்காரி. கோசிவா அத்தை கொண்டுவந்து விட்டார்கள். ஊரில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று தெரியும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மரம் ஏறவில்லை. யாரோடும் சண்டை இல்லை. எதையும் கழற்றவில்லை. பித்தான் தைக்கிறேன்.

மாமா, நான் ஒன்று கேட்கலாமா? அந்த வரியை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்? ஆம்பளையாகப் பிறந்திருக்கணும் என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவும் எழுதியிருக்கமாட்டார்கள். இப்போது ஊரில் எல்லோரும் நான் சொன்னதாகச் சொல்கிறார்கள். பாதிரியார் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, "கடவுள் கொடுத்ததுக்குக் கோவிச்சுக்கக் கூடாதும்மா" என்றார்கள். நான் கோவித்துக்கொள்ளவே இல்லை. பையன்கள் கால்சட்டையை என் மேல் எறிந்து, "போட்டுக்க அண்ணே" என்றார்கள். நான் எங்கே போய் எதைப் பார்த்தாலும், "அண்ணே பாக்குறாரு, அண்ணே பாக்குறாரு" என்றார்கள். அதனால் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பையனாக இருந்தால் மட்டும் என்ன மாமா? எங்கள் வகுப்பு கோமி பையன்தான். தினமும் கயிறு இழுக்கிறான். ஒரு நாள்கூட மடிக்குள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பையனாகப் பிறந்திருந்தால் என்னையும் கயிற்றில்தான் நிறுத்தியிருப்பார்கள். நான் மீனைப் பார்க்கப் போனேன். நீங்கள் மீனை எடுத்துவிட்டீர்கள்.

கோபமாக எழுதவில்லை. மாமிக்கு என் வணக்கம். மழையில் நனையாதீர்கள்.

செஃபாகோர்

*

அக்ரா
19 அக்டோபர் 1976

யாய்ரா,

எல்லோரும் சுகமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன். 

உறையில் பக்கத்து நாடான டோகோவின் தபால்தலை. அதைப் பார்த்ததும் யாரோ தெரியாதவர் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே செஃபா. ஜூலையிலிருந்து பிள்ளை வீட்டில் இல்லை. நீ எனக்கு வெங்காயத்தைப் பற்றி எழுதினாய்.

கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை, ஆனாலும் கோபம் வருகிறது. ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்த மொட்டைத் தலையையாவது தடுத்திருப்பேனே. அவள் கடிதத்தை எனாம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "புள்ள எவ்வளவு மரியாதையா திட்டியிருக்கு பாருங்க" என்றாள்.  அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஃபோலியிடம் போனேன். வருகிற வியாழன் நானே வாசிக்க வேண்டும், கதைக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். "பைத்தியமா உனக்கு? கதை சொல்றவன் நடுவுல வந்து நின்னா, கேக்குறவன் பெட்டிய அணைச்சிட்டுத் தூங்கப் போயிடுவான்" என்றான். "போகட்டும்" என்றேன். "அந்த வரியாலதான்யா ஒனக்கு டிசம்பர் வரைக்கும் இடம் கெடச்சுது!" "அதனாலதான் கேக்குறேன்" என்றேன். கத்தினோம். கடைசியில் ஒரு நிமிடம் கொடுத்தான். நவம்பரோடு கதையை முடித்துக்கொள்ளவும் சொல்லிவிட்டான்.

பெட்டியைத் திறந்து வை. உண்மையை எழுது.

செலோர்ம்

*

லாவிகோபே
7 நவம்பர் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. சோறு இறங்குகிறதா? நாங்கள் சுகம்.

உண்மையைக் கேட்டாய். அந்த வரி வந்ததும் செஃபா திரும்பி என்னைப் பார்த்தாள் என்று எழுதியிருந்தேன். அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லோரையும் போல, வாயைத் திறந்து. அதை எழுதவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. காலையில் எழுந்தால் பெருக்குவாள், தண்ணீர் எடுப்பாள், உட்காருவாள். அண்டை வீட்டுக்காரிகள் "இப்பத்தான் பொண்ணா அடக்கமா இருக்கா" என்றார்கள். 

லோமேக்கு யாரும் துரத்தவில்லை. அவளே கேட்டாள், என்னிடம் இல்லை, கோசிவாவிடம். "அத்தே, ஆயெலே அத்தை வீட்டுல நம்ம ஊரு ரேடியோ கேக்குமா?" "அங்க ஏதுடி அதெல்லாம், எந்நேரமும் ஆட்டப் பாட்டுதான்." "அப்ப என்ன அங்க கொண்டு விடுறீங்களா?" கோசிவா துணிப்பெட்டியைக் கட்டினாள். நீர்நாய் என்று திட்டினவள்தான். லாரியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனாளாம்.

உனக்கு எழுதவில்லை. நம் அப்பா காலமான பிறகு நீ சிரித்து எழுதிய கடிதங்கள் இவைதான். பேருந்தில் ஒருவர் உன்னை அப்பா என்று கூப்பிட்டதாக எழுதினாயே, அதைப் படித்த பிறகு எப்படி எழுதுவேன்?

வியாழக்கிழமை முற்றம் நிறைந்திருந்தது. உன் குரல் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. "இந்தக் கதையில் அப்லா சொன்ன ஒரு வரி உண்டு. அதை எந்தப் பெண் பிள்ளையும் என்னிடம் சொல்லவில்லை. அவள் பார்க்கப் போனாள். பார்க்க ஆசைப்பட்டால் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தவன் நான். அவளுக்கு அந்த நினைப்பே கிடையாது" என்றாய். பிறகு மீன் ஊர்வலத்தைச் சொன்னாய். பெருசு முன்னால, சிறுசு பின்னால. ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் அகோர்லி, "அவ சொன்னத அப்படியே சொல்லியிருந்தா அன்னிக்கே நல்லாத்தான் இருந்திருக்கும். எதுக்கு மசாலா போட்டான் இவன்?" என்றார். கோமி என்ற பையன் என் பக்கத்தில் வந்து, மண்ணைக் காலால் கிளறிக்கொண்டே, "அவ எப்ப வருவா?" என்றான். "ஏன்டா, இன்னும் கூப்பிடணுமா அண்ணேன்னு?" என்றேன். ஓடிவிட்டான்.

மறுநாளே கோசிவா அவளைக் கூட்டிவரப் புறப்பட்டாள். நான் அவளுக்குப் பிடித்த பயறும் பனையெண்ணெயும் ஆக்கி வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். லாரியிலிருந்து கோசிவா மட்டும் இறங்கினாள். "வரமாட்டேங்கறா" என்றாள். "கோவமா?" என்றேன். "தெரியலடி. மேசைக்கு அடியில படுத்துக்கிட்டு, இப்ப வர முடியாது அத்தே, மாமாவுக்கு நானே எழுதிக்கிறேன்னா." அதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பயறை நாங்கள் யாரும் தின்னவில்லை. அவள் உனக்கு எழுதினாளா? எழுதியிருந்தால் மறைக்காமல் சொல். நானும் இனி மறைக்கமாட்டேன்.

யாய்ரா

*

லோமே
28 நவம்பர் 1976

மாமாவுக்கும் மாமிக்கும் செஃபாகோர் எழுதுவது.

நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். விரலில் ஊசி ஏறிவிட்டது, ஆனால் அது ஆறிவிட்டது.

வானொலியில் நீங்கள் சொன்னதைக் கோசிவா அத்தை எனக்குச் சொன்னார்கள். உங்களைப் போலவே குரலை மாற்றிச் சொன்னார்கள். ஆயெலே அத்தைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஆனால் அன்று இரண்டு தடவை சாப்பிட்டேன்.

கோபத்தில் வரவில்லை என்று நினைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நானும் எழுதுகிறேன். காரணம் வேறு. இங்கே ஒரு தையல் மெஷின் இருக்கிறது. மேலே ஒரு நூல் ஊசியில் இருக்கிறது. கீழே ஒரு நூல் சின்ன உருளையில் சுற்றி இருக்கிறது. இரண்டாலும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது, நடுவில் துணி இருக்கிறது. அப்படியும் முடிச்சு விழுகிறது. எப்படி? ஊசி கீழே போனாலும் துணியை முழுசாகக் கடந்து போய்விடவில்லை, வந்த வழியே திரும்பி வந்துவிடுகிறது. அப்புறம் யார் முடிச்சுப் போடுகிறார்கள்?

கோசிவா அத்தை வந்த அன்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது?

இப்போது தெரிந்துவிட்டது. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பார்க்கலாம். கீழே ஒரு கொக்கி இருக்கிறது. ஊசி மேலே ஏறத் தொடங்கும்போது மேல்நூல் கொஞ்சம் தளர்ந்து ஒரு வளையம் ஆகிறது. கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் உருளையை முழுசாகச் சுற்றிக் கொண்டுபோகிறது. உருளை அந்த வளையத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே வந்துவிடுகிறது! ஒவ்வொரு தையலுக்கும் இது நடக்கிறது மாமா. கண் சிமிட்டுவதற்குள் நடக்கிறது.

ஆயெலே அத்தையைக் கூப்பிட்டேன். "இடுப்பு புடிச்சுக்கும்டி" என்றார்கள். ஆனாலும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு படுத்தார்கள். நான் சக்கரத்தைச் சுற்றினேன். "அட, இந்தக் கள்ளி இவ்வளவு வேலை பாக்குறாளா உள்ள!" என்றார்கள். அப்போது பார்த்து சட்டை வாங்க ஒரு அம்மா வந்துவிட்டார்கள். கடையில் யாரையும் காணோம், மேசைக்கு அடியில் நான்கு கால்கள். அவர்கள் பயந்து கத்தினார்கள். பிறகு அவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின லாரியில் ஊருக்கு வருகிறேன். ஜனவரியில் பள்ளிக்கூடம் போவேன். வாத்தியாருக்கு அப்பா சொல்லிவிட்டார்.

மாமா, உங்கள் கதை முடிந்துவிட்டதாமே. இனி வேறு கதை எழுதினால் இந்த மெஷினை எழுதிக்கொள்ளுங்கள். கொக்கி சுற்றுவதை விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம். ஏன் படுத்துப் பார்த்தாள் என்று யாராவது கேட்டால், நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம். அப்லா என்றும் போட வேண்டாம். என் பெயரையே போடுங்கள்.

மாமிக்கு என் வணக்கம்.

செஃபாகோர்